ஐந்து ஷில்லிங் தூரம்

இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கிய 2022ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எந்த வரிசையில் போய் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "எங்களுக்கு இதொண்டும் புதுசில்லை." மண்ணெண்ணெய்க் கானை முன்னால் தள்ளி வைத்துவிட்டு நிற்கிறவர் சொல்வார். காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து வரிசையில் விட்டுவிட்டு வேப்பமர நிழலுக்கு ஒதுங்கியவர்கள் சொல்வார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, 1990இல் நின்ற மின்சாரம் ஆண்டுக்கணக்காக வராமலே கிடந்த இந்த ஊர்களில் அந்தப் பேச்சுக்கு ஒரு மிடுக்கே வந்துவிட்டது. தெற்கு இப்போது படிக்கத் தொடங்கும் பாடத்தை நாங்கள் முப்பது வருஷத்துக்கு முன்னமே படித்து முடித்தவர்கள் என்ற மிடுக்கு. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் வரிசைகள் கலைந்து இத்தனை காலமான பின்னும் அந்தப் பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொன்னவர்கள் எல்லாரும் தப்பி இருந்து சொன்னவர்கள். தொண்ணூறுகளைத் தாண்டாமல் போனவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. எது புதிது, எது பழசு என்று அவர்களிடம் யாரும் கேட்கப்போவதுமில்லை. தாங்கியவர்களின் பெருமை, தாங்க முடியாமல் போனவர்களைக் கணக்கில் எடுக்காத பெருமையாக இருந்தால் அதை எவ்வளவு தூரம் நம்புவது? இது ஓர் உறுத்தல். மற்றது, அந்தப் பேச்சை வெளியார் எவ்வளவு விரும்பிக் கேட்டார்கள் என்பது. யாழ்ப்பாணத்தார் எதையும் சமாளித்துவிடுவார்கள் என்று மெச்சுகிறவருக்கு, அப்படியானால் அவர்களை அவர்கள்பாட்டில் விட்டுவிடலாம் என்ற முடிவு அடுத்த மூச்சிலேயே கிடைத்துவிடுகிறது.

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் இருந்து இதை யோசிப்பது நல்லது. இங்கே எல்லாமே கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வடமராட்சியை ஊடறுத்துத் தெற்கே நீளும் நீரேரி. நடுவில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாதபடி கட்டிய தடுப்பணையும் அதன் கதவுகளும். மாரியில் நீரேரி நிரம்பிக் கதவுகளைத் திறந்தால், கலங்கிய தண்ணீர் கடலை நோக்கி இரையும் இடத்தில் வீச்சுவலையோடு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். சேறும் பாசியும் இறாலும் கலந்த ஒரு வாடை பாலம் முழுக்க அடிக்கும். கரணவாயில் விளைந்த உப்பை ஏற்றிப்போகச் சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த வழி இது என்பது ஊரில் வழங்கும் கதை. உண்மையோ பொய்யோ, பிழைப்புக்காக வெட்டிய தண்ணீர் என்று நம்புகிற ஊர் இது. இந்தக் கரையில் வெளி இஞ்சின் பூட்டிய சிறு பைபர் படகுகள்தான் அநேகம். அவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்ட் கடைசிப் பகுதியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. ஒரு நாள் தொழிலுக்கு இருபது லீற்றர் என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் 1,740 ரூபாவோடு கடலுக்குப் போனவன் அடுத்த நாள் 6,800 ரூபா இல்லாமல் படகைத் தள்ள முடியாது. மீன் அதை அறியாது. வலையில் விழுவது முன்போலத்தான் விழும், சில நாள் விழாது. அதற்கு முன் மாதக்கணக்காக அந்த 87 ரூபா எண்ணெயும் கிடைக்காமல் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரையில் கவிழ்த்துக் கிடந்த படகுகளுக்குப் பக்கத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவனிடம் போய், தம்பி, மனதைத் தளர விடாதை, நல்லதையே நினை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் வரவும் முடியவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கட்டுரை நிற்கிறது.

நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும் என்ற போதனைக்கு இங்கே பஞ்சமில்லை. அமெரிக்கப் போதகர் நோர்மன் வின்சென்ட் பீல் 1952இல் எழுதிய புத்தகத்திலிருந்து எத்தனையோ கைகள் மாறி அது நம்மிடம் வந்து சேர்ந்தது. எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' யாழ்ப்பாணத்துப் படிப்பு மேசைகளிலும் இருந்தது. அதைப் படித்து எழுந்து நின்ற பெடியளை நான் அறிவேன், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தனியொருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது மருந்தாக இருப்பது, அதிகாரத்தில் இருப்பவன் ஊருக்குச் சொல்லும்போது வேறொன்றாகிவிடுகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் தடுத்தவர்கள், விளைச்சல் விழுந்த பிறகு, 2022 யூனில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். யூன் என்றால் எங்கள் கரையில் சோளகம் அடிக்கிற காலம். மழை கிடையாது. காற்று மணலை அள்ளி வந்து யன்னல் சட்டத்தில் குவிக்கும். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் அடி இறங்கி உவர் தட்டும். அந்தத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிக் கத்தரிக்கன்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாரும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்பவர்கள் அந்த மணலில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும். நெருக்கடியை உண்டாக்கிய கையே முயற்சி போதாது என்று நம்மைச் சுட்டும்போது, முயற்சி என்ற நல்ல காரியமே நாற்றமெடுக்கத் தொடங்குகிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை. அந்த நாற்றத்துக்குப் பயந்து முயற்சியையே கைவிட்டால் நட்டம் அவர்களுக்கில்லை.

தொண்ணூறுகளைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது ஜாம் போத்தல் விளக்கு. போரின்போது வடக்குக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில், பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்ட காலம். மண்ணெண்ணெய் பங்கீட்டில் சொட்டுச் சொட்டாக. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, கம்பியில் செருகிய மெல்லிய திரியைக் கொளுத்தினால் போத்தலே சிமினியாகிவிடும். காற்றுக்கு அணையாது. ஓர் இரவுப் படிப்புக்குக் காணும். விடிந்தால் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். பக்கத்து வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலியில் பிபிசி தமிழோசை கேட்கும். சுற்றுகிறவனின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓயும். சில துளி பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை இன்னும் என் சட்டையில் மணக்கிற மாதிரி இருக்கிறது. சவுக்காரம் இல்லாத வீட்டில் பனம்பழம் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கோடு போட்ட தாளில் வந்தன. இவற்றை இப்போது ஒரு கண்காட்சி போல விரித்து வைக்கிறோம். ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம்: அந்த விளக்கைக் கொளுத்திய அம்மா நம்பிக்கையோடு இருந்தாளா என்று யாருக்கும் தெரியாது. அநேகமாக இல்லை. பெட்டைக்கு மறுநாள் சோதினை இருந்தது, அவ்வளவுதான். குண்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, நாளைக்கு இந்த வீட்டில் இருப்போமா என்ற கேள்வியோடுதான் திரியைத் திரித்திருப்பாள். மனம் ஒரு பக்கம் கிடக்க, கை தன் வேலையைச் செய்தது. மனப்பாங்கு முதலில், செயல் பிறகு என்று நமக்குச் சொல்லித் தரப்பட்ட வரிசை அங்கே செல்லுபடியாகவில்லை. மருந்து கிடைக்காமல் அதே காலத்தில் இறந்தவர்கள் மனத்தில் குறைந்தவர்கள் என்று சொல்ல யாருக்காவது துணிவு வருமா? வராது. ஆனால் 'மனத்திடம்தான் நம்மைக் காப்பாற்றியது' என்று சொல்லும்போது அதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இதற்கு ஒரு கணக்கே கிடைக்கும். 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தது. பாணுக்கு விடியப்புற வரிசை. வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கத் தடை. மரவள்ளிக்கிழங்கு எல்லா அடுப்பிலும் ஏறிய காலம். நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அது பஞ்சம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். செம்மண்ணில் மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள், மகளுக்கு நகை செய்தார்கள், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள். படித்த பெடியள் மிளகாய்க் கன்று நட இறங்கினார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தானின் முயற்சியைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்குக் கணக்கில்லை. 1977 யூலையில் ஆட்சி மாறியது, கதவு திறந்தது, கப்பலில் மிளகாய் வந்தது. அதே மனிதர்கள். அதே விடியற்காலை, அதே மண்வெட்டி, அதே பிடிவாதம். ஒரு போகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவர்கள் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. விலை விழுந்தது. அடைவு வைத்த நகை மீளவில்லை. முயற்சியை அளக்க விளைவைப் பார்க்கிற பழக்கம் எவ்வளவு அநியாயமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மரியன்தால் நினைவுக்கு வருகிறது. ஒஸ்திரியாவில், வியன்னாவுக்குக் கிட்டிய ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்த வேளையில், 1929க்கும் 1930க்கும் இடையில், ஆலை படிப்படியாக மூடப்பட்டது. மாரி யகோடா, போல் லசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் அங்கே போய் இருந்து, வேலையில்லாத ஊரின் நாளாந்தத்தை எழுதி 1933இல் புத்தகமாக்கினார்கள். வீதியில் ஆண்கள் எத்தனை தரம் நின்று நின்று போகிறார்கள் என்றுகூட எண்ணினார்கள். போக ஓர் இடம் இல்லாதவர்கள் மெதுவாகத்தான் நடந்தார்கள். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும், நூலகத்தில் கட்டணத்தை எடுத்த பிறகும், இரவல் போகும் புத்தகங்கள் பாதியளவாகக் குறைந்தன. இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. குடும்பங்களை அவர்கள் மனநிலையால் நான்காகப் பிரித்தார்கள்: முறியாதவர்கள், விதியே என்று அடங்கியவர்கள், நம்பிக்கை இழந்தவர்கள், எதுவும் தைக்காமல் மரத்துப் போனவர்கள். பிறகு ஒவ்வொரு கூட்டத்தின் மாத வருமானத்தையும் வளர்ந்த ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். முறியாதவர்களுக்கு 34 ஷில்லிங். அடங்கியவர்களுக்கு 30. நம்பிக்கை இழந்தவர்களுக்கு 25. மரத்துப் போனவர்களுக்கு 19. அடக்கத்துக்கும் அவநம்பிக்கைக்கும் நடுவில் இருந்தது ஐந்து ஷில்லிங். குணம் என்றும் வளர்ப்பு என்றும் இரத்தம் என்றும் நாம் பேசுகிற ஒன்று, மாதத்தில் ஐந்து ஷில்லிங் கூடினால் ஒரு படி ஏறியும் குறைந்தால் ஒரு படி இறங்கியும் நிற்கிறது. இதைப் படித்த பிறகு, சோர்ந்து இருக்கிற ஒருவனைப் பார்த்து அவனுடைய குணத்தைப் பற்றி யோசிக்கும் பழக்கம் என்னிடம் வெகுவாகக் குறைந்தது. அவனுக்கு எவ்வளவு குறைகிறது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

எங்கள் ஒழுங்கைகளில் அந்த ஐந்து ஷில்லிங் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். 200 ரூபாவுக்குப் போன அமெரிக்க டொலர் இரண்டொரு மாதத்தில் 360ஐத் தொட்டது. கனடாவிலோ இலண்டனிலோ பிள்ளை இருக்கிற வீட்டில், அதே காசு கிட்டத்தட்ட இரட்டிப்பாக வந்து இறங்கியது. அடுத்த வீட்டில் நாட்கூலி. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு காலநிலை, அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு வீட்டாரும் ஒரே வரிசையில் நின்று "எங்களுக்கு இதொண்டும் புதுசில்லை" என்றார்கள். ஒருவர் சொன்னது தெம்பில், மற்றவர் சொன்னது மானத்தில். இந்த வேறுபாட்டைக் கேட்டறியும் காது நமக்கு இல்லாமல் போனது வருத்தம். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நுண்கடன் கொண்டு வந்தவர்களும் முயற்சியைப் பற்றித்தான் பேசினார்கள். கணவனை இழந்த பெண்களை ஒரு வீட்டு விறாந்தையில் கூட்டி வைத்துத் தொழில்முனைவோர் ஆகச் சொன்னார்கள். கிழமைக்குக் கிழமை தவணை. கோழி செத்தாலும் தவணை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தவணை, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது முற்றிப்போனது. அந்தப் பெண்களில் முயற்சி இல்லாதவர் யார்? இருந்த முயற்சியைத்தான் ஈடாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதுவரை எழுதியதை வைத்து, எல்லாம் காசுதான், மனம் என்று ஒன்றுமில்லை என்று நான் முடித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். அங்கேதான் எனக்குத் தடுமாற்றம். மரியன்தாலிலும் அந்த எண்கள் சராசரிகள். 19 ஷில்லிங்கில் முறியாமல் நின்ற ஒரு வீடாவது இருந்திருக்கும். இங்கேயும், ஒரே கரையில், ஒரே கடனில், ஒரே அளவு பிடிபாட்டில் இருக்கிற இருவரில் ஒருவன் பழைய படகுப் பாயைத் தேடி எடுத்துத் தைக்கத் தொடங்குகிறான், மற்றவன் சாராயக் கடைப் பக்கம் நடக்கிறான். 2022இல் எண்ணெய் கிடைக்காமல் துடுப்பு வலித்துக் கரையை ஒட்டியே தொழில் செய்தவர்கள் வடக்கில் இருந்தார்கள். அந்த மிச்சத்தை எந்தக் கணக்காலும் என்னால் விளக்க முடியவில்லை. முன்கை எடுப்பது எப்போதும் நல்லதுதானா என்பதும் அவ்வளவு இலகுவில் தீரக்கூடிய கேள்வியில்லை. 2022 மார்ச் 22ஆம் திகதி வடக்கிலிருந்து குழந்தைகளோடு பதினாறு பேர் தனுஷ்கோடிக் கரையில் போய் இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கனடா போகப் புறப்பட்ட 303 பேர் நடுக்கடலில் கப்பல் தத்தளித்து, மீட்கப்பட்டு, வியட்நாமில் கரையேற்றப்பட்டார்கள். காணியை விற்று, நகையை அடைவு வைத்து, தெரியாத கடலில் ஏறியவர்கள் அவர்கள். நிலைமை மாறட்டும் என்று குந்தியிருக்காமல் தாங்களே மாற்றப் புறப்பட்டவர்கள். போதனைப் புத்தகங்கள் கேட்கிற எல்லாமும் அவர்களிடம் இருந்தது. அவர்களை நாம் மெச்சுவதில்லை, சட்டவிரோதம் என்று இரண்டு பத்தியில் செய்தி போட்டு மறந்துவிடுகிறோம். துணிவு இருந்தது. துணிவைப் போட்டு வைக்க ஊரில் ஓர் இடம் இருக்கவில்லை. அந்த விளக்க முடியாத மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு இப்படித்தான் தெளிகிறது: பாயைத் தைக்கிறவனை யாரோ ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் வராவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆற்றங்கரையில் பூவரசின் கீழ் தொடங்கிய கோயில் அது. கடற்றொழில் செய்த மருதர் கதிர்காமருக்கு முருகன் காட்டிய இடம் என்பது ஐதீகம். இன்றும் அந்த வழி வந்தவர்களே வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிறார்கள். நிவேதனம் ஆலிலையில் படைக்கிற சோறு. ஊர் அவனை அன்னதானக் கந்தன் என்றே கூப்பிடுகிறது. மண்ணெண்ணெய் 340 ஆன அந்த ஆவணியிலும் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. மத்தியானம் மடத்து வாசலில் சனம் இருக்கும். பெரிய கிடாரத்தில் பருப்பும் பூசணிக்காயும் கொதிக்கிற மணம், ஈரச் சாக்கு, விறகுப் புகை, வியர்வை, சந்தனம் எல்லாம் ஒன்றாகக் கலந்த மணம். பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவன் யார், என்ன தொழில், ஏன் வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. சந்நிதியான் ஆச்சிரமத்திலும் திருவிழா இல்லாத நாட்களில்கூடப் பந்தி நடக்கிறது. சும்மா சோறு போட்டுப் போட்டே சனத்தைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று வாதிடுகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்களில்லை; உழைத்துச் சாப்பிட்டவர்கள். பந்தியில் இருப்பவர்களில் சோம்பேறி ஒருவனும் இல்லை என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மத்தியானச் சோறு உறுதி என்று தெரிந்தவனால்தான் பின்னேரம் ஒரு புது வேலையைத் துணிந்து கேட்க முடிகிறது. கேட்டு இல்லை என்று வந்தால் தாங்கவும் முடிகிறது. பசித்தவன் எடுக்கிற முன்கை அநேகமாக நகையை விற்பது, வலையை விற்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்துவது. அதுவும் முடிவுதான், அதுவும் செயல்தான். அந்தச் செயல்களிலிருந்து ஒரு மனிதனைக் காப்பாற்றுவது ஒரு பிடி சோறு என்றால், அதை முயற்சிக்கு எதிரியாக நிறுத்துவது சரியில்லை.

இந்த ஊரின் மற்றப் பெருமையைக் கோயிலுக்குப் போகாதவர்களும் அறிவார்கள். வடக்கில் உயர்தரம் படித்த ஒரு பிள்ளைக்குத் தொண்டைமானாறு என்றால் முதலில் நினைவு வருவது வினாத்தாளின் தலைப்பு. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சை. அதில் எத்தனை புள்ளி என்பதுதான் கடைசிச் சோதினைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி. ஆசிரியர்கள் கூடி வினா எடுத்து, சரிபார்த்து, மாவட்டம் தாண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிற வேலை. 2022 மார்ச்சில் தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்த செய்தியைப் படித்தபோது, எனக்கு இந்த நிலையம்தான் ஞாபகம் வந்தது. ஒரு தாளில் இருக்கிற கேள்விகளுக்குப் பின்னால் எத்தனை பேரின் ஓய்வுநேரம் இருக்கிறது என்று யோசித்தேன். அந்த ஆசிரியர்கள் எல்லாரும் மனம் நிறைந்து இருந்தவர்கள் என்று எண்ண ஒரு காரணமும் இல்லை. அவர்களுடைய சம்பளமும் பாதியாகத்தான் பெறுமதி இழந்தது, அவர்களுடைய மோட்டார் சைக்கிளுக்கும் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. ஆனால் திகதி குறித்த ஒரு வேலை இருந்தால், அந்தத் திகதி மனிதனை இழுத்துக்கொண்டு போகும். மனம் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும், சில நாள் வராமலும் இருக்கும். உலகப் பொருளாதாரம் நொறுங்கிய 1930களில், மரியன்தாலின் ஆண்கள் வீதியில் நின்று நின்று நடந்த அதே காலத்தில், வலிகாமத்தில் மூளாய்ச் சனம் கூட்டுறவில் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கொஞ்சக் காசு மிஞ்சியிருந்தது உண்மை. கூட்டம் கூட்டவும், கணக்கு எழுதவும், சண்டை பிடித்துவிட்டு மறுபடி வந்து இருக்கவும் பழகியிருந்ததும் உண்மை. பின்னதை நாங்கள் இப்போது இழந்துகொண்டு வருகிறோம், இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் பலநோக்குச் சங்கங்களிலும் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேருவது குறைகிறது. வாசிகசாலைகளில் பேப்பர் புரட்ட நாலு முதியவர்கள். இழுவை மடிப் படகுகள் நம் கடலை வழித்துக்கொண்டு போவதைப் பற்றிப் பேசவும், எண்ணெய் மானியத்தைக் கேட்டு வாங்கவும், இறந்தவன் வீட்டு வலையை விற்க விடாமல் பிடிக்கவும் தனி ஒருவனின் மனத்திடத்தால் ஆகாது. நூலகத்தில் இரவல் குறைந்ததை மரியன்தாலில் போன பிறகு எண்ணினார்கள். நாங்கள் இப்போதே எண்ணலாம்.

ஆகவே சோர்ந்திருக்கிறவனிடம் நம்பிக்கையாக இரு என்று சொல்வதை நிறுத்துவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம், நீ வராவிட்டால் கோரம் காணாது, வா என்று சொல்வோம். சொல்லிவிட்டு நாமும் போய் இருப்போம். வெளிநாட்டில் இருந்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள், அதில் ஒரு பங்கை ஊர்ச் சங்கத்துக்கும் வாசிகசாலைக்கும் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு வருஷம் ஒருமுறை கணக்குக் கேளுங்கள்.